ஷூவைக் கழற்றிய ரோமாபுரிக்காரர்

இத்தாலிக்கு டூர் போறவங்களுக்கு அட்வைஸ் பண்றதுக்குன்னே யூடியூப்ல ஒரு கூட்டம் இருக்கு, பார்த்திருக்கீங்களா? அரை டவுசரோட சர்ச்சுக்குள்ள போகாதீங்க. ஹவாய் செருப்போட தெருவுல சுத்தாதீங்க. காலை பதினோரு மணிக்கு மேல கப்புச்சினோ கேட்டா டூரிஸ்ட்னு கண்டுபிடிச்சிடுவாங்க. இத்தாலிக்காரங்க பால் பாக்கெட் வாங்கவே கோட்டு சூட்டோட வருவாங்க, கையை ஆட்டாம அவங்களுக்குப் பேச வராது. இப்படியே போகும்.

என் ரூம்மேட்டுக்கு மிலான்ல மாஸ்டர்ஸ் படிக்க சீட் கிடைச்சிருக்கு. விசா வர்றதுக்கு முன்னாடியே பயல் பயந்துட்டான். பயம் படிப்பைப் பத்தி இல்ல, ட்ரெஸ்ஸைப் பத்தி. அர்மானி, குச்சி, பிராடா எல்லாம் பிறந்த நாட்டுல நம்ம ஊர் செக்டு சட்டையோட போய் நின்னா என்ன நினைப்பாங்கன்னு ஒரு மாசமா அதே புலம்பல். அங்க பெல்லா ஃபிகூரான்னு ஒரு சொல் இருக்காம். நாலு பேர் முன்னாடி பார்க்கிற மாதிரி, மரியாதையா நிக்கிறதுன்னு வச்சுக்கலாம். இதைக் கேட்டதும் எனக்கு எங்க அப்பத்தாதான் ஞாபகம் வந்தாங்க. ஜெயமங்கலத்துல இருந்து பெரியகுளம் சந்தைக்குக் கிளம்புறதுன்னாக்கூட சேலையை மாத்திக்கிட்டுத்தான் பஸ் ஏறுவாங்க. கேட்டா ஆள் பாதி ஆடை பாதின்னு சொல்லுவாங்க. இத்தாலிக்காரங்களும் அப்பத்தாவும் ஒரே கட்சிதான்.

இப்போ கொஞ்சம் திருப்பிப் பாருங்க. மதுரை மீனாட்சியம்மன் கோவில் வாசல்ல, டவுசரோட வந்த வெளிநாட்டுக்காரர் அவசரமா ஒரு வேட்டியைச் சுத்திக்கிட்டு உள்ள போறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. ரோம்ல புனித பேதுரு பேராலயத்துக்குள்ள போகணும்னா தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். இங்கயும் கிட்டத்தட்ட அதே சட்டம்தான். ரெண்டு வாசல்லயும் ஆளைப் பார்க்கிறதுக்கு முன்னாடி துணியைத்தான் பார்க்கிறாங்க.

கோவில்ல இருந்து நடந்து போற தூரத்துல திருமலை நாயக்கர் மகால். அங்க போனா, இதைக் கட்டினதுல ஒரு இத்தாலிக்காரரோட கை இருக்குன்னு கைடு சொல்லுவார். இந்தக் கட்டுரை அந்தக் கட்டடக்காரரைப் பத்தினது இல்ல. மகால் கட்டுறதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே மதுரைக்கு வந்து, போட்டிருந்த ட்ரெஸ்ஸைக் கழற்றி வச்சுட்டு வேற ஆளா மாறின இன்னொரு இத்தாலிக்காரரைப் பத்தினது. பேர் ராபர்ட் டி நொபிலி. தமிழ்ல அவருக்கு தத்துவ போதகர்னு பேர். ஸ்கூல் புக்ல வீரமாமுனிவரைப் படிச்சிருப்பீங்க. அவரும் இத்தாலிக்காரர்தான், ஆனா அவர் வந்தது நொபிலிக்கு நூறு வருஷம் கழிச்சு. பாதை போட்டது இவர்.

நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேப்பர்ல எப்படிப் பாஸ் ஆனேன்னு எனக்கே தெரியாது. அதனால இந்தக் கட்டுரைல பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. ஆனா இந்த ஆளோட கதையைச் சொல்லாம காலேஜை விட்டுப் போக மனசு வரல. ஏன்னு கடைசில சொல்றேன்.

பணக்கார வீட்டு மூத்த பையன்

நொபிலி பிறந்தது 1577-ல, ரோம்ல. குடும்பத்தோட பூர்வீகம் டஸ்கனி பக்கம் மாண்டெபுல்சியானோ. சாதாரண குடும்பம் இல்ல. போப்பாண்டவர்களோட சொந்தம் கொண்டாடின பிரபு வம்சம். அந்தக் காலத்துல கத்தோலிக்க உலகத்தோட பெரிய மூளைன்னு பேர் வாங்கின கர்தினால் பெல்லார்மின் இவருக்கு உறவு. இந்த பெல்லார்மினை நீங்க வேற ஒரு கதைல சந்திச்சிருப்பீங்க. பூமி சூரியனைச் சுத்துதுங்கிற கருத்தை விட்டுடணும்னு 1616-ல கலிலியோவைக் கூப்பிட்டு எச்சரிச்சவர் இவர்தான்.

இப்படிப்பட்ட வீட்டுல மூத்த பையனா பிறந்தா பட்டம், சொத்து, பட்டுத்துணி, படை எல்லாம் தானா வரும். பையனுக்கு அதுல ஆசையில்ல. வீட்டு எதிர்ப்பை மீறி நேபிள்ஸ் போய், இருபது வயசை ஒட்டி இயேசு சபைல சேர்ந்தார். கிட்டத்தட்ட நம்ம வயசு. நம்ம வீட்டுல கோர் கம்பெனி வேணாம், ஐடிக்குப் போன்னு சொல்றப்ப நமக்கு வர்ற தைரியத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.

1603-ல குருப்பட்டம். 1604-ல லிஸ்பன்ல கப்பல் ஏறினார். ஆப்பிரிக்காவோட கிழக்குக் கரைல, மொசாம்பிக் பக்கத்துல கப்பல் உடைஞ்சது. உயிர் தப்பி, வேற கப்பல் பிடிச்சு, 1605 மே மாசம் கோவா வந்து சேர்ந்தார். அங்கிருந்து கொச்சி, அப்புறம் முத்துக்குளித்துறைன்னு சொல்ற தூத்துக்குடிக் கரை. அந்தக் கரைலதான் தமிழ் படிக்க ஆரம்பிச்சார். 1606 நவம்பர்ல மதுரைக்கு வந்தப்போ அவருக்கு வயசு இருபத்தொன்பது.

அப்போ மதுரை நாயக்கர் ஆட்சில இருந்துச்சு. நம்ம கம்பம் பள்ளத்தாக்கும் அதே ராஜ்ஜியம்தான். போடிநாயக்கனூர், கண்டமனூர்னு நாம பஸ் போர்டுல படிக்கிற ஊர்கள் எல்லாம் மதுரை நாயக்கருக்குக் கீழ இருந்த பாளையங்கள். மதுரையோ பெரிய படிப்பு ஊர். பத்தாயிரம் மாணவர்களுக்கு மேல அங்க ஆசிரியர்கள்கிட்ட பாடம் கேட்கிறாங்கன்னு நொபிலியே தன்னோட கடிதம் ஒண்ணுல எழுதியிருக்கார்.

பரங்கின்னா யாரு?

மதுரைல அவருக்கு முன்னாடியே ஒரு பாதிரியார் இருந்தார். கொன்சாலோ ஃபெர்னாண்டஸ். போர்ச்சுகீசியர், முன்னாள் சிப்பாய். பத்து வருஷத்துக்கு மேல அங்க இருந்தார். சின்னக் கோவில், பள்ளிக்கூடம், வைத்தியசாலை எல்லாம் நடத்தினார். கடற்கரைல இருந்து மதுரைக்கு வந்து போற பரதவ கிறிஸ்தவங்களைக் கவனிச்சுக்கிட்டார். ஆனா உள்ளூர்ல இருந்து கிட்டத்தட்ட யாருமே அவர் மதத்துக்கு வரல.

ஏன் வரலைங்கிறதுக்கு நொபிலி கண்டுபிடிச்ச பதில் ஒரே வார்த்தைல இருந்துச்சு. பரங்கி.

பரங்கிக்காய், பரங்கிமலை, பரங்கிப்பேட்டைன்னு இந்த வார்த்தையை இன்னைக்கும் நாம சாதாரணமா சொல்றோம். ஃபிராங்க்ங்கிற இனப் பேர் அரபு, பாரசீகம் வழியா உருமாறி வந்து, ஐரோப்பாக்காரங்களுக்கான பொதுப்பேரா ஆயிடுச்சு. அன்னைக்கு மதுரைல பரங்கின்னு சொன்னா கண்ணு முன்னாடி வர்ற உருவம் என்ன தெரியுமா? மாட்டுக்கறி சாப்பிடுவான், குடிப்பான், ஒழுங்கா குளிக்க மாட்டான், தோல் செருப்போட எங்கயும் நுழைவான், யார்கூட வேணும்னாலும் உட்கார்ந்து சாப்பிடுவான், கையில துப்பாக்கி வச்சிருப்பான். கடற்கரைல போர்ச்சுகீசிய சிப்பாய்ங்க நடந்துக்கிட்ட விதமும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் இருந்துச்சு.

இதுல பெரிய தமாஷு ஒண்ணு. ஞானஸ்நானம் கொடுக்கும்போது, கிறிஸ்தவ மதத்துல சேர சம்மதமான்னு கேட்கிறதுக்குப் பதிலா, பரங்கிக் குலத்துல சேர சம்மதமான்னுதான் பாதிரியார்கள் தமிழ்ல கேட்டுக்கிட்டு இருந்தாங்க. மொழிபெயர்ப்பு சொதப்பல். மதம் மாறச் சொல்றதா நினைச்சுக்கிட்டு, சாதியையும் ட்ரெஸ்ஸையும் சாப்பாட்டையும் மாத்தச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கேட்கிறவன் எப்படி சரின்னு சொல்லுவான்?

இன்னைக்கு நம்ம ரீல்ஸ்ல இத்தாலிக்காரன்னா கோட்டு சூட்டு, பாஸ்தா, கையாட்டல். அன்னைக்கு மதுரைல ஐரோப்பாக்காரன்னா தோல் ஷூ, மாட்டுக்கறி, சாராயம். ஒரு கண்டத்தையே நாலு பொருளுக்குள்ள அடக்கிடலாம்னு நினைக்கிறது பழைய வியாதிதான். ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன். நம்ம வீட்டு மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது அதே போர்ச்சுகீசியக் கப்பல்தான். பரங்கியை வேணாம்னு சொன்ன ஊர், அவன் கொண்டு வந்த மிளகாயைக் குழம்புல போட்டுக்கிச்சு.

கறுப்பு அங்கியில இருந்து காவிக்கு

நொபிலி எடுத்த முடிவு ரொம்ப நேரானது. பரங்கிங்கிற பேர் ட்ரெஸ்ஸுலயும் சாப்பாட்டுலயும்தான் ஒட்டியிருக்குன்னா, அந்த ரெண்டையும் மாத்திடலாம். கொச்சி மேலிடத்துல அனுமதி வாங்கினார். கறுப்பு அங்கி போச்சு. தோல் ஷூ போச்சு. அதுக்குப் பதிலா காவித்துணியும் மரத்துல செஞ்ச பாதக்குறடும் வந்துச்சு. நெத்தில சந்தனம், தலைல குடுமி. கொஞ்ச காலம் பூணூல் கூடப் போட்டார், அதுல ஒரு சிலுவை தொங்கும். கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. சோறும் காய்கறியும் பாலும், அதுவும் ஒரு நாளைக்கு ஒரே வேளை. சமைக்கிறதுக்கு பிராமணச் சமையல்காரர். ஃபெர்னாண்டஸோட வீட்டை விட்டு வெளியேறி, பிராமணர் வாழ்ந்த பகுதில ஒரு குடிசை போட்டுக்கிட்டார்.

வந்தவங்களை உடனே பார்க்கவும் மாட்டார். ஐயர் தியானத்துல இருக்கார், அப்புறம் வாங்கன்னு வாசல்லயே பதில் வரும். ஆள் சுலபமா கிடைக்கலைன்னா மதிப்பு கூடும்ங்கிற ரகசியம் இன்ஸ்டாகிராம் வர்றதுக்கு நானூறு வருஷம் முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

வேஷம் மட்டும்னு நினைச்சுடாதீங்க. பின்னாடி அசுர உழைப்பு இருந்துச்சு. ஃபெர்னாண்டஸோட பள்ளிக்கூடத்துல இருந்த ஒரு ஆசிரியரோட இருபது நாள் தொடர்ந்து விவாதம் பண்ணினார். கடைசில அவர்தான் முதல் சீடர். சிவதர்மர்ங்கிற தெலுங்கு பிராமணர் அவருக்கு சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தார். வெளியாளுக்கு வேதம் சொல்லித் தர்றது பெரிய ஆபத்து. தெரிஞ்சா சிவதர்மரோட கதி என்ன ஆகும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அப்படியும் படிச்சார். சமஸ்கிருதத்துல ஆழமா இறங்கின முதல் ஐரோப்பியர்கள்ல நொபிலி ஒருத்தர்.

தமிழ்லயோ படிச்சதோட நிக்காம எழுதவே ஆரம்பிச்சுட்டார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம்னு உரைநடைல நூல்கள். செய்யுள்தான் பெருசுன்னு இருந்த காலத்துல, வாதம் பண்றதுக்கு ஏத்த உரைநடையைத் தமிழ்ல கையாண்டவர். அதுவரைக்கும் போர்ச்சுகீசியச் சொற்களை அப்படியே சொல்லிக்கிட்டு இருந்த இடத்துல சர்வேசுரன், கோவில், பூசைன்னு இங்க புழங்குற சொற்களை வச்சார். ட்ரெஸ்ஸுல செஞ்சதையே மொழிலயும் செஞ்சார்.

1611-ல தன் வீட்டு வாசல்ல ஓலைல ஒரு அறிவிப்பு தொங்கவிட்டார். தான் பரங்கி இல்லை, பரங்கி நாட்டுல பிறக்கவும் இல்லை, ரோமாபுரில உயர்ந்த குலத்துல பிறந்தவன், எல்லாத்தையும் துறந்து சந்நியாசியா வந்திருக்கேன்ங்கிறது அதோட சாரம்.

இந்த ஓலையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

ரோம் வரைக்கும் போன பஞ்சாயத்து

பக்கத்து வீட்டுல இருந்த ஃபெர்னாண்டஸுக்கு இதெல்லாம் தாங்கல. 1610-ல மேலிடத்துக்குப் புகார் எழுதினார். இந்தப் பையன் காவி கட்டுறான், சந்தனம் பூசுறான், பூணூல் போட்டவங்களைப் பூணூலோடவே கிறிஸ்தவங்களா ஏத்துக்கிறான், எங்களைத் தெரியாத மாதிரி நடந்துக்கிறான்னு. செய்தி கோவா போய், அங்கிருந்து ரோம் போய், நொபிலி இந்துவாவே மாறிட்டாருங்கிற அளவுக்குப் பெருசாச்சு. கர்தினால் பெல்லார்மினே மனசு உடைஞ்சு கண்டிச்சு எழுதினார். பிறகு விளக்கத்தைப் படிச்சுட்டு இவர் பக்கம் வந்தார்.

நொபிலியோட வாதம் என்னன்னா, ட்ரெஸ்ஸும் குடுமியும் பூணூலும் சந்தனமும் குளியலும் மதச் சின்னம் இல்ல, சமூகத்துல ஒருத்தரோட நிலையைக் காட்டுற அடையாளம். ரோம்ல ஒரு பிரபு தன் தகுதிக்கு ஏத்த உடை உடுத்துறான், அதனால அவன் பக்தி குறைஞ்சுடுதா? இங்க மட்டும் ஏன் கேட்கிறீங்க? இதை 1613-ல லத்தீன்ல ஒரு பெரிய நூலாவே எழுதி, சாஸ்திரங்கள்ல இருந்து ஆதாரம் காட்டினார். எதிர்ப்பக்கமும் சும்மா இல்ல. ஃபெர்னாண்டஸ் 1616-ல போர்ச்சுகீசியத்துல தன்னோட நூலை எழுதினார். அதே மதுரையோட வழக்கங்களைப் பார்த்து, இதெல்லாம் மதம்தான்னு எதிர்முடிவுக்கு வந்தார்.

இதே காலத்துல சீனாலயும் இதே பரிசோதனை நடந்துச்சு. மத்தேயோ ரிச்சி, அவரும் இத்தாலிக்காரர். முதல்ல புத்த பிக்கு மாதிரி உடுத்தினார். சீனால பிக்குகளுக்குப் பெரிய மரியாதை இல்லைன்னு தெரிஞ்சதும் 1595-ல கன்ஃபூசிய அறிஞர்களோட பட்டு அங்கிக்கு மாறிட்டார். ஊருக்குள்ள எந்த ட்ரெஸ்ஸுக்கு மதிப்புன்னு பார்த்து அதைப் போட்டுக்கிறதுல ரெண்டு பேரும் கில்லாடிங்க.

1619-ல கோவால மாநாடு. அங்க பெரும்பான்மை நொபிலிக்கு எதிரா நின்னாங்க. விஷயம் மறுபடி ரோமுக்குப் போச்சு. கடைசில 1623 ஜனவரி 31-ல போப் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பு சொன்னார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் நாலும் மத அர்த்தம் இல்லாம இருந்தா வச்சுக்கலாம். ஒரு துண்டு நூலுக்காகப் பதிமூணு வருஷப் பஞ்சாயத்து. நொபிலி ஜெயிச்சார். திருச்சி, சேலம்னு கிளம்பிப் போனார்.

அந்தத் தீர்ப்புக்குள்ளயே இன்னொரு விஷயமும் இருந்துச்சு. உயர்ந்த குலம்னு சொல்லிக்கிறவங்க, தாழ்ந்த நிலைல இருக்கிறவங்களைக் கோவிலுக்குள்ள இழிவா நடத்தக் கூடாதுன்னு போப் அதுல கேட்டுக்கிட்டார். நூல் போட்டுக்கலாம்ங்கிற பகுதி உடனே அமலுக்கு வந்துச்சு. இந்தப் பகுதி?

ஓலையில விட்டுப்போனவங்க

இப்போ அந்த ஓலைக்குத் திரும்பலாம்.

நான் பரங்கி இல்லைன்னு ஒருத்தர் வாசல்ல எழுதி வச்சா, அடுத்த கேள்வி என்ன? அப்போ யார் பரங்கி? பக்கத்து வீட்டு ஃபெர்னாண்டஸ்தான் பரங்கி. அவர் கோவிலுக்கு வர்ற பரதவர்களும் பரங்கிக் கூட்டம்தான். ஒரே மதம், ஒரே சபை, ஆனா மதுரைல ரெண்டு தனித்தனிக் கோவில். ஒண்ணு உயர்ந்தவங்களுக்கு, இன்னொண்ணு மத்தவங்களுக்கு. தன் சபைக்காரரான ஃபெர்னாண்டஸோடவே வெளிப்படையா பழகுறதை நொபிலி தவிர்த்தார். பரங்கிங்கிற பேர் தப்பு, ஐரோப்பால எல்லாரும் அப்படி இல்லைன்னு அவர் ஊருக்கு விளக்கம் சொல்லல. அந்தப் பேர் அவங்களுக்கு, எனக்கு இல்லைன்னு நகர்ந்துக்கிட்டார். ஃபெர்னாண்டஸோட கோபத்துல பொறாமை இருந்திருக்கலாம். ஆனா அடிபட்டவனோட நியாயமும் அதுல இருந்துச்சு.

அவர் போட்டுக்கிட்ட ட்ரெஸ்ஸும் தனியா வரல. கூடவே அதோட சட்டமும் வந்துச்சு. பிராமண சந்நியாசி வேஷத்துல இருக்கிறவர் யார் வீட்டுக்குப் போகலாம், யார் கையால சாப்பிடலாம், யாரை வாசலுக்கு வெளிய நிறுத்தணும் எல்லாத்தையும் அந்தக் காவித்துணியே முடிவு பண்ணுச்சு. துணி கதவைத் திறந்துச்சு, சரி. ஆனா அதே துணி வேற கதவுகளை மூடுச்சு.

இதுல இன்னொரு வேடிக்கை. யாருக்காக அவர் இத்தனையும் செஞ்சாரோ அந்த பிராமணர்கள்ல அவர் பின்னாடி வந்தவங்க ரொம்பக் கொஞ்சம். காலப்போக்குல மதுரை மிஷனுக்கு ஆயிரக்கணக்குல வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க மத்த சாதிக்காரங்க, அதுலயும் அடித்தட்டு மக்கள் நிறைய. அவங்க வந்து வாசல்ல நின்னப்போ, நேரா உள்ள கூப்பிட முடியாத ட்ரெஸ்ஸுல ஐயர் உட்கார்ந்திருந்தார்.

இந்தச் சிக்கல் அவங்களுக்கே புரிஞ்சுது. 1640-ல பண்டாரசுவாமிங்கிற புது ஏற்பாடு வந்துச்சு. எல்லாச் சாதிக்காரங்களோடவும் பழகக்கூடிய பண்டாரம் மாதிரி உடுத்தின குருக்கள். பல்தசார் ட கோஸ்டாங்கிற போர்ச்சுகீசியர் முதல் ஆள். பிரச்சனை தீர்ந்துச்சான்னு கேட்டா பாதிதான். ஆளுக்கொரு ட்ரெஸ், சாதிக்கொரு குருன்னு சுவரை அப்படியே வச்சுட்டு ரெண்டாவது வாசல் போட்டாங்க. கிறிஸ்தவக் கோவில்கள்லயும் சாதி பார்த்துத் தனித்தனியா உட்கார்ந்த வரலாறு, கல்லறைல கூட சுவர் எழுப்பின வரலாறு நம்ம தமிழ்நாட்டுக்கு உண்டு. அது முழுக்க நொபிலியோட தப்புன்னு சொன்னா அநியாயம். சாதி அவர் கப்பல்ல வந்ததில்ல. ஆனா வந்த இடத்துல அதுக்கு வளைஞ்சு கொடுத்தவங்கள்ல அவரும் ஒருத்தர்.

அவரோட கடைசிக் காலத்தையும் சொல்லணும், இல்லைன்னா அவருக்கு நான் அநியாயம் பண்ணினவன் ஆயிடுவேன். 1640-ல மதுரைல அவரைச் சிறைல போட்டாங்க. திருமலை நாயக்கர் ஆண்ட காலம் அது. அடுத்த வருஷம் வெளிய வந்தார். உடம்பு போச்சு, கண் பார்வை மங்கிக்கிட்டே வந்துச்சு. மேலிடம் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புச்சு, பிறகு மயிலாப்பூருக்கு. ரெண்டும் போர்ச்சுகீசியர் பிடில இருந்த இடங்கள். அங்க அவர் யாருக்காகவும் வேஷம் போட வேண்டிய அவசியமே இல்ல. நினைச்சா கறுப்பு அங்கியை எடுத்துப் போட்டிருக்கலாம், நல்ல வீட்டுல இருந்து நல்லா சாப்பிட்டிருக்கலாம். ஆனா கண்ணு தெரியாத கிழவர் மயிலாப்பூர்லயும் மண் குடிசைலதான் இருந்தார், அதே மரக்கறிச் சாப்பாடுதான் சாப்பிட்டார், நூல்களைத் திருத்திக்கிட்டே இருந்தார். 1656 ஜனவரி 16-ல அங்கயே இறந்தார். வயசு எழுபத்தெட்டு. இந்தியா வந்து ஐம்பது வருஷம். ஊருக்குத் திரும்பிப் போகவே இல்ல.

யாரும் பார்க்காத இடத்துலயும் ஒருத்தர் கழற்றாத ட்ரெஸ்ஸை வேஷம்னு சொல்ல முடியுமா? எனக்குச் சொல்லத் தோணல.

இதை ஏன் எழுதினேன்

முதல் வருஷம் நான் இந்த காலேஜுக்கு வந்தப்போ எந்த ஊருன்னு கேட்டாங்க. தேனி மாவட்டம்னு சொன்னேன். உடனே ஒரு சிரிப்பு. வீட்டுல எத்தனை அருவா இருக்கு, எத்தனை வெட்டு விழுந்திருக்கு, மீசை எங்க காணோம். சினிமா பார்த்து வளர்ந்த கேள்விகள். யாரும் கெட்ட எண்ணத்துல கேட்கல. ஆனா ரெண்டாவது வாரத்துல இருந்து என் பதில் மாறிடுச்சு. கொடைக்கானல் பக்கம்னு சொல்ல ஆரம்பிச்சேன். பொய் இல்ல, மலை பக்கத்துலதான் இருக்கு. பேச்சுல இருந்த ஊர் வாடையையும் கழுவிட்டேன். ஒரு தடவை நானே என் வாயால, எங்க ஊர்ப்பக்கம் அப்படித்தான், நான் அந்த மாதிரி ஆள் இல்லைன்னு சொல்லிச் சிரிச்சேன்.

அன்னைக்கு நான் என் வாசல்ல தொங்கவிட்ட ஓலை அது. நான் தப்பிச்சுட்டேன். வராக நதி ஓரத்துல வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்கிற என் பெரியப்பா பையன், அருவாளை வாழைத்தார் வெட்ட மட்டுமே எடுத்தவன், அவன் தலைல அந்தப் பேரை அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். நொபிலியைப் பத்திப் படிச்சப்போ, அந்த ஓலைகிட்ட வந்ததும் ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

போன வருஷம் மிலான் ஃபேஷன் ஷோல பிராடா கம்பெனி கோலாப்பூர் செருப்பு மாதிரியே ஒண்ணைக் காட்டுச்சு. முதல்ல இந்தியான்னு பேரே சொல்லல. இங்க சத்தம் கிளம்பின பிறகுதான் எங்கிருந்து எடுத்தோம்னு ஒத்துக்கிட்டாங்க. ஒரு ஊரோட செருப்பைக் கால்ல மாட்டிக்கிறது சுலபம். அந்தச் செருப்பைத் தைச்சவங்க பேரைச் சொல்றதுலதான் எல்லாருக்கும் நாக்கு புரள மாட்டேங்குது.

அதனால, வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்புற உங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். அங்கத்து ட்ரெஸ்ஸைப் போடுங்க, தப்பே இல்ல. பெரிய கோவிலுக்குள்ள போறப்ப முழங்காலை மூடுங்க. காலைல மட்டும் கப்புச்சினோ குடிங்க. அது மரியாதை. அந்த ஊர் மொழியைப் படிங்க, நொபிலி படிச்ச மாதிரி வெறியோட படிங்க. ஆனா உங்க மேல யாராவது ஒரு முத்திரையைக் குத்தினா, நான் அப்படி இல்ல, அவங்கதான் அப்படின்னு பக்கத்துல இருக்கிறவன் மேல தள்ளிவிட்டுட்டுத் தப்பிக்காதீங்க. முத்திரையே தப்புன்னு சொல்லிப் பாருங்க. அது கஷ்டம். நொபிலி மாதிரி ஒரு மூளைக்கே அது முடியல.

என் ரூம்மேட் மிலானுக்கு நாலு செக்டு சட்டையும் ஒரு வேட்டியும் எடுத்து வச்சுட்டான். கிளம்புறதுக்கு முன்னாடி பொங்கலுக்கு எங்க ஊருக்கு வர்றான், கூட இன்னும் மூணு பேர். எந்த ஊருக்குப் போறீங்கன்னு வார்டன் ஃபார்ம்ல எழுதச் சொன்னார். கொடைக்கானல் பக்கம்னு எழுதல. ஜெயமங்கலம், தேனி மாவட்டம்னு நானே நாலு ஃபார்ம்லயும் எழுதிக் கொடுத்தேன்.